அக்காவுக்கு நான் வாங்கிய ரோஜா மாலை

எனக்குக் கத்தரிக்கோலும் பசை டப்பாவும் கொடுக்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தைரியமாகக் கொடுப்பார்கள். தலை நரைத்து, அரிமளத்தில் உரக்கடை வைத்து, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் எனக்குக் கொடுக்க மாட்டார்கள். காரணம் நியாயமானது. நான் அவற்றைக் கடைசியாகக் கையில் எடுத்த அன்று, உயிரோடு இருந்த என் அக்காவைச் சாகடித்துவிட்டேன்.

பவானி அக்கா கீரமங்கலத்தில் டீச்சர். சின்ன வயதில் அவள்தான் எங்கள் வீட்டு ஓவியர். தீப்பெட்டிப் படம், புடவைக் கடை அட்டை, மிட்டாய்த் தாள் என்று எது கிடைத்தாலும் மைதா மாவில் பசை காய்ச்சிப் பழைய நோட்டில் ஒட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பசையை நக்குவதுதான் என் பங்கு. (உப்புப் போட்டால் நன்றாகவே இருக்கும்.) அந்த வாசனை இப்போது வந்தாலும் எனக்கு வயது ஏழாகிவிடும்.

அந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூருக்கு அலைந்து, ஆபரேஷன் முடித்து, கொட்டின முடி ஒரு விரற்கடை வளர்ந்ததும் அவள் கேட்ட முதல் பொருள் கத்தரிக்கோல். பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள் யாழினி, "அம்மா, இதுக்கு ஸ்க்ராப்புக்னு பேரு. நீ அந்தக் காலத்துலயே பண்ணிருக்க" என்று ஏற்றிவிட்டாள். அக்காவோடு சிகிச்சைக்குப் போய் வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் டிக்கெட், உதிர்ந்த முடியை மறைத்த துண்டின் கிழிசல், காய்ந்த பூ, போட்டோ எல்லாவற்றையும் ஒட்டி ஆளுக்கொரு புத்தகம் செய்தார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டு அவற்றை ஏலம் விடுவது, வருகிற தொகையில் பரிசோதனை வண்டியை ஊருக்கே வரவழைப்பது. இதுதான் திட்டம்.

பணத்தைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. ஆள் வருமா என்பதுதான் அவள் கவலை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டபோது, "பாக்குறோம் டீச்சர்" என்று கதவைச் சாத்தினார்கள். மார்பு என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்த எடத்துல" என்பார்கள்.

குறிப்பாக ஒருத்தி வர வேண்டும் என்று தவித்தாள். மணமேல்குடியில் இருக்கும் எங்கள் சித்தி மகள் வசந்தா. ஒரு கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில், "அக்கா, எனக்கும் ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது" என்று அக்கா காதில் சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு அக்காவின் போனை எடுப்பதே இல்லை. நேரில் போனால் வயலுக்குப் போயிருப்பாள், கோயிலுக்குப் போயிருப்பாள்.

"பயந்துக்கிட்டு ஒளியிறாடா. ஒரு தடவ கையில கெடச்சா போதும், நானே கூட்டிட்டுப் போயிருவேன்" என்பாள் அக்கா.

இந்த இடத்தில்தான் நான் உதவி செய்ய நுழைந்தேன்.

"ஒன் புத்தகத்துக்கு முகப்பு நான் பண்றேன்க்கா."

"நீயா? பசையைத் திங்காம இருப்பியா?"

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை கடைக் கல்லாவிலேயே தொழிலை ஆரம்பித்தேன். மருந்தில் கறுத்த முகம் கலரில் தெரிய வேண்டாமே என்று அக்காவின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தேன். சுற்றிலும் காய்ந்த ரோஜா இதழ்களை வளைவாக ஒட்டினேன். கீழே காலியாகத் தெரிந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து இரண்டு குத்துவிளக்கை வெட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தினேன். மங்களகரமாக இருந்தது. (என் கண்ணுக்கு.)

டிபன் கொண்டுவந்த என் மனைவி மல்லிகா பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கே."

"கலையைப் பாத்தா அப்புடித்தான் இருக்கும். நீ போ."

உடனே அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். கூட்டத்துக்கு வரச் சொல்லி நாலு வரி எழுத ஆசைதான், விரலெல்லாம் பசை. ஒரு விரலால் கைகூப்பும் பொம்மையை மட்டும் தட்டி அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் யூரியாவுக்கு ஆள் வந்துவிட்டது. போனை மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வசந்தா! அக்காவின் போனை எடுக்காதவள் எனக்குப் போன் செய்கிறாளே என்று சந்தோஷமாக எடுத்தேன்.

"அண்ணே... அக்கா இப்புடிப் பண்ணிருச்சேண்ணே! நான் ஒரு வார்த்த பேசாம இருந்துட்டேனே! வேன் புடிச்சு வந்துக்கிட்டிருக்கோம்ணே..."

பேச்சு அழுகையில் கரைந்து போன் நின்றது.

அக்காவுக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். யாழினிக்கு அடித்தேன், யாரோடோ பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். (உள்ளே யூரியாக்காரர் நின்றிருந்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் மல்லிகாவிடம் சொல்லி, அவள் மாற்றுச் சாவி கொண்டுவந்து திறந்தாள். அந்த மனிதர் இன்றுவரை வாசலில் நின்றேதான் மூட்டை வாங்குகிறார்.)

அறந்தாங்கி வழியாகக் கீரமங்கலம் போகும் வரை ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியவில்லை. மைதா பசை ஞாபகம், தீப்பெட்டிப் படம் ஞாபகம். "ஒனக்கு ஒண்ணுமே ஒட்டத் தெரியலடா" என்று அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம். இன்றைக்குக் காலையில் எவ்வளவு அழகாக ஒட்டினேன், அதைப் பார்க்காமலே போய்விட்டாளே என்று நினைத்தபோது வண்டியை ஓரம்கட்டி அழ வேண்டியதாயிற்று.

கீரமங்கலம் பூக்கடையில் நின்றேன். பூக்காரம்மா கேட்டது: "கல்யாணத்துக்கா, கேதத்துக்காய்யா?"

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. புரிந்துகொண்டு பெரிய ரோஜா மாலையாக எடுத்தது.

"யாருக்குய்யா?"

"பவானி... டீச்சர்..."

"ஆத்தாடி! எம் புள்ளைக்குப் பாடம் சொன்ன டீச்சரா!" என்று அந்தம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டது. அடுத்த கடையும் அழுதது. மார்க்கெட்டில் செய்தி பரப்ப அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

அக்கா வீட்டு வாசலில் ஆளே இல்லை. பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. சொந்தக்காரர் எவனும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லையா என்று மாலையோடு உள்ளே ஓடினேன். நடுக்கூடத்தில் புடவைத் துணிகளைப் பரப்பி, வாயில் ஒரு நூலைக் கடித்தபடி, அக்கா வெட்டிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எவன்டா போனான்?"

"நீதான்க்கா" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, செத்தவளின் மடியிலேயே விழுந்து அழுதேன். அவள் பயந்துபோய்ச் சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

"காலையிலேர்ந்து ஒரே கூத்துடா! போனை எடுத்து ஹலோன்னா, அய்யோன்னு கத்திட்டு வச்சுர்றாங்க. எவனோ வெளையாடுறான்னு அமத்தி வச்சுட்டேன். ஒனக்கு யாருடா சொன்னா?"

"வசந்தா."

"அவளுக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் போனைத் திறந்து குரூப்பைப் பார்த்தேன். "ஆழ்ந்த இரங்கல்" என்று வரிசையாக நின்றது. "மச்சான் தைரியமாக இருங்கள்" என்று எனக்கும் ஆறுதல் இருந்தது. மேலே, மேலே தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் உச்சியில், கறுப்பு வெள்ளையில், ரோஜா இதழுக்கு நடுவே, இரு பக்கமும் விளக்கு எரிய, அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கைகூப்பு.

என் சொந்தத் தயாரிப்பு.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நிதானமாகப் பார்த்தாள். "ஒட்டு வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குள் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. மணமேல்குடி வேன். இங்கிட்டு மார்க்கெட் பக்கமிருந்து பூக்காரம்மா தலைமையில் ஒரு படை. நான் செய்த முதல் காரியம், படத்தைக் குரூப்பிலிருந்து அழித்தது. (எல்லோரும் அதைப் பார்த்து அழுது முடித்த பிறகு.) இரண்டாவது காரியம், கட்டிலுக்கு அடியில் போனது. ஆகவே அடுத்து நடந்ததை நான் கால்களாகவே பார்த்தேன்.

ஓட்டமாக வந்த கால்கள் வாசற்படியில் டக்கென்று நின்றன. ஒப்பாரி பாதியில் அறுந்தது. ஒரு ஜோடிக் கால் மடங்கிச் சரிந்தது. அது வசந்தா.

"அடியே, போனை எடுக்க மாட்ட, பொணத்தைப் பாக்க மட்டும் வருவியா?" அக்காவின் குரல் அது. வகுப்பறைக் குரல்.

வசந்தா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேதத்துக்குக் கொண்டுவந்த அழுகை வேறு. இது வேறு மாதிரி இருந்தது. "பயமா இருக்குக்கா" என்றாள். அக்காவுக்கும் கட்டிலுக்கு அடியில் இருந்த எனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"எனக்கும் இருந்துச்சுடி. நாளைக்குக் காலையில போறோம். இன்னைக்கு நீ இங்கதான்."

அப்புறம் அக்காவின் கால்கள் கூட்டத்தின் பக்கம் திரும்பின. ஒரு மாதமாகக் கூப்பிட்டும் பிடிகொடுக்காத பெண்கள் அத்தனை பேரும் முற்றம் கொள்ளாமல் நின்றார்கள். டீச்சர் விடுவாளா?

"வந்தது வந்துட்டீங்க. எல்லாரும் உக்காருங்க. உக்காரு பூக்காரம்மா, நீயுந்தான்."

செத்தவள் சொன்னால் தட்ட முடியுமா? உட்கார்ந்தார்கள். புத்தகங்கள் கை மாறின. கிழிந்த துண்டையும் பஸ் டிக்கெட்டையும் தடவிப் பார்த்தார்கள். கட்டி இருந்தால் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அக்கா சொன்னபோது யாரும் தலை குனியவில்லை. நடுவில் டீ வந்ததும் மணமேல்குடிப் பெரியம்மா ஒருத்தி மட்டும் சந்தேகம் கேட்டாள்: "கேத வீட்டுல டீ குடிக்கலாமா? போயி முழுகணுமா, வேண்டாமா?"

"செத்தவளே போட்ட டீ. குடிங்க" என்றாள் அக்கா. வீடே சிரித்ததில் கட்டில் ஆடியது.

வசந்தாவின் கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்தார்கள். இப்போது அவள் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறாள். அவளும் ஒரு புத்தகம் ஒட்டியிருக்கிறாள். மண்டபக் கூட்டம் பிறகு நடந்தது, வண்டியும் வந்தது, வருடா வருடம் வருகிறது. ஒவ்வொரு ஏலத்திலும் வசந்தாவின் புத்தகத்துக்குத்தான் போட்டி. அவள் தர மாட்டாள். அதன் முதல் பக்கத்தில், என் மாலையைக் கட்டியிருந்த வாழைநாரும் நாலு இதழும் ஒட்டியிருக்கும். "இது என்னங்க?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். மண்டபம் மொத்தமும் என் பக்கம் திரும்பும். ஊரில் நாள் கணக்குச் சொல்வதே "டீச்சர் செத்த வருஷம்" என்றுதான். டீச்சரும் அப்படித்தான் சொல்கிறாள்.

போன மாதம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்தை ஊற்றியபடி சொன்னாள்: "டேய், நெசமா நான் போற அன்னைக்கு நீ மாலை வாங்க வேண்டாம். ஒன் மாலை ஏற்கெனவே வந்துருச்சு."

"வெறுங்கையோட வந்து நிக்க எனக்குக் கூச்சமா இருக்கும்க்கா" என்றேன். "அதனால நீ போகாத."

அவள் என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.