ஹாலந்திலிருந்து ஹாலந்துக்கு

பொய் சொல்ல ஒரு தகுதி வேண்டும். அது எனக்குக் கிடையாது. இதை என் இருபத்தைந்தாவது வயதில், திருக்கழுக்குன்றம் வாசகசாலையின் ஆண்டு விழாவில், கூடம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் தெரிந்துகொண்டேன். அந்தக் கூட்டத்தின் முதல் வரிசையில் எனக்குப் பெண் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்தவர் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் பூகோள வாத்தியார். (மாமல்லபுரத்துக் கடலைத் தாண்டி எதையும் பார்த்திராத பூகோள வாத்தியார்.) திருக்கழுக்குன்றத்தில் அரிசி மில் வைத்திருந்தவரின் மகள் மரகதத்தை என் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஒரே ஒரு முறை அவளைப் பார்த்ததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகம் பொருந்திவிட்டது. மில்காரர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பையன் நாலு பேரு முன்னாடி எப்பிடிப் பேசறான்னு பாத்துட்டு அப்பால சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார்.

அதற்கு வாய்ப்பாக வந்தது ஆண்டு விழா. மாமல்லபுரத்தில் தங்கிச் சிற்பங்களை வரைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மையார், மலைமேல் கழுகுக்கு அமுது வைப்பதைப் பார்க்க அன்று வருவதாக இருந்தது. வாசகசாலைச் செயலாளர் அவரையே சிறப்பு விருந்தினராக்கிவிட்டார். விருந்தினர் ஐரோப்பியர் என்பதால் சொற்பொழிவும் ஐரோப்பாவைப் பற்றித்தான். சொற்பொழிவாளன் நான். அம்மையாரின் ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பதும் நான்.

வாசகசாலையில் கலைக்களஞ்சியத்தின் ஒரே ஒரு தொகுதிதான் இருந்தது. அதில் ஹாலந்து இருந்தது. ஹாலந்தில் பெண்கள்கூட சைக்கிள் விடுவார்கள் என்று போட்டிருந்தது. அம்மையாரும் சைக்கிளில்தான் ஊர் சுற்றினார். ஆகவே அவர் ஹாலந்துக்காரர் என்று முடிவு கட்டினேன். (அவரையே கேட்டிருக்கலாம். நம்மூரில் யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே எந்த ஊர் என்று கேட்டுவிடுவோம். வெள்ளைக்காரர்களை மட்டும் கேட்க மாட்டோம். அவர்கள் எல்லாருக்கும் ஒரே ஊர்தான், சீமை.) ஹாலந்தை உயர்த்திப் பேச வேண்டுமானால் பக்கத்தில் ஒரு நாட்டைத் தாழ்த்தியாக வேண்டும். டென்மார்க்கைப் பிடித்தேன். அங்கிருந்து யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

'எங்கே வாழ்வது சுகம்?' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பொளந்து கட்டினேன். கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த மண்ணில் பயிர் வைக்கிற ஹாலந்துக்காரர்களைப் பற்றிச் சொன்னபோது மில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல்தோறும் பூந்தொட்டி என்றபோது பெண்கள் பக்கம் சலசலத்தது. டென்மார்க்கிலோ வெயிலே கிடையாது, பன்றிகளோடு குடித்தனம், ஜனங்களுக்குச் சிரிக்கவே தெரியாது. (இதில் ஒரு வரிகூட நான் எங்கும் படித்ததில்லை.) நான் டென்மார்க் என்று சொன்னபோதெல்லாம் அம்மையாரின் முகம் மலர்ந்தது. என் குரல்வளம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மையார் எழுந்தார். "நான் டென்மார்க்கில் பிறந்தவள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இவ்வளவு தொலைவில் ஒருவர் டென்மார்க்கைப் பற்றி இத்தனை உருக்கமாகப் பேசியது கண்ணில் நீரை வரவழைத்துவிட்டது என்றார்.

ஆங்கிலம் தெரிந்த செயலாளர் காபிக்குச் சொல்லப் போயிருந்தார். மில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மையார் ஹாலந்தில் பிறந்தவராம். என் பேச்சு அவர் கண்ணில் நீரை வரவழைத்துவிட்டதாம்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அம்மையார் தொடர்ந்தார். பிற்பாடு ஹாலந்துக்குப் போய் நான்கு வருஷம் இருந்தாராம். இரண்டும் நல்ல நாடுகளாம். ஹாலந்தில் யார் வீட்டுக்கும் போகலாம், காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்களாம். டென்மார்க்கில் ஏழு வகைப் பலகாரம் வைப்பார்களாம், ஆனால் அந்த வீட்டுக்குள் கூப்பிடவே ஏழு வருஷம் ஆகுமாம். நான் முக்கால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசியதை அந்த அம்மையார் ஒரு பிஸ்கட்டில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ரசிப்பில் என் வாய் என்னை மீறி உண்மையை மொழிபெயர்த்துவிட்டது. "பிறகு அம்மையார் ஹாலந்துக்குப் போய் நான்கு வருஷம் இருந்தாராம்."

மில்காரர் எழுந்து நின்றார்.

"தம்பி, ஹாலந்துல பொறந்தவங்க இன்னாத்துக்கு ஹாலந்துக்குப் போனாங்க?"

"அது வந்துங்க, உள்ளூர்லயே கொஞ்சம் தள்ளிங்க."

"நாலு வருசமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டது. மரகதம். அவள் பள்ளி இறுதி வரை படித்தவள், ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தவள். இதைக் கல்யாணத் தரகர் என்னிடம் சொல்லித்தான் இருந்தார். பயத்தில் மறந்து தொலைத்துவிட்டேன்.

என்ன சொன்னீர்கள் என்று அம்மையார் தணிந்த குரலில் என்னைக் கேட்டார். முழுவதையும் சொன்னேன், பன்றிகள் உட்பட. எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். (சிரிக்கத் தெரியாத நாட்டுக்காரர்.) சிரித்து முடித்து, "இப்போது உண்மையைச் சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்றார். சொன்னபடியே நின்றார். நான் திக்கித் திணறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு, முதலில் கை தட்டியதும் அவர்தான். நாடுகளைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படி ஒரு மனுஷியை வளர்த்த நாடு நல்ல நாடாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். கல்யாணம் அத்தோடு போயிற்று என்று செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் மரகதம் சொன்னாள். வாயைத் திறந்தால் பொய் பேசுகிறவன் வேண்டாம் என்று அவள் அப்பா ஒரேயடியாகச் சொன்னாராம். அதற்கு இவள் சொன்ன பதில்: "பொய் சொல்றப்ப அவருக்கு ரெண்டு காதும் செவந்துபூடுதுப்பா. ஆயுசுக்கும் கண்டுபுடிச்சிடலாம். இந்த மாதிரி ஆளு வேற எங்க கெடைக்கும்?"

வருஷங்கள் ஓடிவிட்டன. ஐரோப்பாவை நான் பார்க்கவே இல்லை. போன வாரம், எனக்கு இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மிட்டாய்க் கடைக்குப் போய்வந்தேன். மரகதம் என் காதைப் பார்த்தாள். "ஹாலந்துலருந்து ஹாலந்துக்குப் போய்ட்டு வரீங்களா?" என்று கேட்டாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் காபி கொண்டுவந்து வைத்தாள். தட்டில் ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துப் போட்டுவிட்டு, என் கண்ணெதிரிலேயே டப்பாவை மூடினாள்.