ஒன்பது முறை எரிந்த பில்லி

இனி அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சிரில் முடிவெடுத்துவிட்டார். ஆஸ்திரேலிய நாவலை ஸ்பானிஷில் பெயர்க்கிற மனுஷன் வெங்காயம் உரிக்கலாமா?

பன்னிரண்டு வருஷமாகக் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூருக் கம்பெனியில் மெக்சிகோக்காரர்களிடம் போனில் திட்டு வாங்கியே கற்ற ஸ்பானிஷ். நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினில் ஒரு பதிப்பாளர், முதல் அத்தியாயத்தை மாதிரிக்குக் கேட்டிருந்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் முழு நாவலும் சிரிலுக்குத்தான். ரயிலுக்கும் அடுப்புக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

ஞாயிறு நாலு மணி. சிரிலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்டி கீது?” என்று கேட்டாள் மனைவி ஷைலா.

“பில்லியை எரிச்சிட்டாங்க ஷைலா.”

“ஐயையோ! சர்ச்சுல கிட்டார் வாசிக்கிறாரே, அவரையா?”

“அவரில்ல. நாவல்ல வர்ற பில்லி. காட்டுல நாலு பேரு தூக்கி நெருப்பு மேல வெச்சிட்டாங்க.”

பக்கத்து ஊரான ஊரிகத்தில் நின்று ‘பில்லி’ என்று கூப்பிட்டால் மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே அது ஆள் பெயர்தான் என்பதில் சிரிலுக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கிலீஷில் முதலெழுத்து சின்னதாக இருந்ததை அச்சுப்பிழை என்று பெரிய மனதோடு மன்னித்திருந்தார்.

“அப்பறம்?”

“கொதிச்சான்னு போட்டிருக்கு. கோவத்துல கொதிச்சான்னு எழுதினேன். நெருப்புல வெச்சா யாருதான் கொதிக்க மாட்டான்?”

“செத்துட்டானா?”

“அதான் கொழப்பம்! அடுத்த பக்கத்துல மறுபடியும் வர்றான். மறுபடியும் எரிக்கிறாங்க. ஒரே அத்தியாயத்துல ஒம்பது வாட்டி!”

“பில்லியா, பில்லி சூனியமா?”

“வெளையாடாத. எரிச்சிட்டு எல்லாரும் குந்திகினு டீ குடிக்கிறாங்க, பாவிங்க. ‘பாவம் பில்லி’ன்னு நான் அடிக்குறிப்பே போட்டிருக்கேன்.”

ஷைலா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சிரில் பெருமைப்பட்டார்.

“பில்லி யாருன்னு நான் சொல்லிட்டா இன்னா தருவீங்க?”

“நீயா?” பத்தாவதில் இங்கிலீஷ் பேப்பரோடு அவள் மூன்று முறை மல்லுக்கு நின்ற கதை அவருக்குத் தெரியும். “கேளு, தர்றேன். சொல்லாட்டி என் சட்டையெல்லாம் ஆயுசுக்கும் நீதான் இஸ்திரி போடணும்.”

“சொல்லிட்டா தெனம் ரெண்டு வேளை டீ நீங்கதான். இன்னிலேர்ந்து. கிறிஸ்மஸுக்கும் லீவு கெடையாது.”

“சத்தியமா!” சட்டைகளை மனசுக்குள் எண்ணியபடியே சொன்னார்.

ஷைலா போனை நீட்டினாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிற அவள் அக்கா வின்னி போன மாதம் பிக்னிக்கில் எடுத்த படம். விறகு நெருப்பின் மேல், கம்பிப் பிடி போட்ட, கரியேறிய தகர டப்பா ஒன்று. கீழே வின்னி எழுதியிருந்தாள்: ‘எங்க பில்லி கொதிக்குது. டீ ரெடி!’

சிரில் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“டப்பாவா? டீ போடுற டப்பாவா?”

அப்படியே அனுப்பியிருந்தால் மானம் ஸ்பெயின் வரைக்கும் போயிருக்கும். ஷைலாவின் காலில் விழலாம் போல இருந்தது. அதற்கும் நேரமில்லாமல் கம்ப்யூட்டரைப் பார்த்து ஓடினார்.

“எங்க ஓடறீங்க?”

“ஆறு மணிக்குள்ள ஒம்பது பொணத்தையும் எடுக்கணும்!”

“எடுக்கலாம், எடுக்கலாம். மொதல்ல போயி பில்லியை அடுப்புல வைங்க.”