கருந்தேன் கவசம் இறக்கிய கதை

ஒரு காட்டில் ஒரே ஒரு மரத்தடியில்தான் டவர் எடுத்தது. அது ஒரு நாவல் மரம். ஆகவே காட்டு மிருகங்கள் எல்லாம் பகையை மறந்து அந்த மரத்தடியில் கூடி வாழ்ந்தன. ஒற்றுமைக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். எல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்தக் கதையில் ஓரிடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். சத்தியம். ஆனால் அந்த இடம் இது இல்லை. முதலில் கப்பல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பல் தெரியாமல் சிரித்தால் அது சிரிப்பு இல்லை, இருமல்.

மலை ஏற வந்த மனிதர்கள் மறந்துவிட்டுப் போனவை அந்த ஃபோன்கள். யானைகளுக்காகக் காட்டில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குச் சோலார் தகடு இருந்தது. சார்ஜ் போடுவது அங்கே. யானை தண்ணீர் குடிக்க வந்தால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அதுவும் நின்றது, கீரிக்குப் பின்னால் நான்காவதாக.

எல்லாரும் ஆடியது ஒரே ஆட்டம். பெயர் பால்வெளிப் பாளையம். ஆளுக்கொரு கோள், கோளுக்கொரு பாளையக்காரர். சுரங்கம் தோண்டவேண்டும், கப்பல் கட்டவேண்டும், கூட்டணி சேர்ந்து பக்கத்துக் கூட்டணியை அடிக்கவேண்டும். அடிப்பதற்கு முன் படிவம் ஒன்று உண்டு. அதில் 'போருக்கான காரணம்' என்ற கட்டத்தில் எல்லாரும் 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதுவார்கள்.

வேவு பார்க்க உளவு ஓடம். அடிக்க நாசகாரி. எல்லாவற்றுக்கும் மேலே தாய்க்கப்பல். கூட்டணிக்கு ஒன்றுதான் கட்டலாம். அதன் தளபதி உத்தரவு போடாமல் மற்ற எந்தக் கப்பலிலிருந்தும் ஒரு குண்டுகூடக் கிளம்பாது.

நாவல்மரக் கூட்டணியின் தாய்க்கப்பல் கரடியுடையது. பெயர் கருந்தேன். எட்டு மாதம் கட்டினார். எட்டு மாதமும் கண் விழித்ததும் முகத்தைக்கூட நக்கிக்கொள்ளாமல் சுரங்கத்தைத் திறந்தார். மழை விட்ட மறுநாள் கறையான் புற்றெல்லாம் பொங்கிக் கிடக்கும். அன்றைக்கும் போகாமல், கப்பலின் பின்பக்க இயந்திரம் பொருத்தி முடியும்வரை காவல் இருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. என்னண்ணே இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் ஃபோனைத் திருப்பிக் காட்டுவார். அதில் கருந்தேன் கொழுகொழுவென்று மிதந்துகொண்டிருக்கும்.

கரடிக்கு இன்னொரு பதவியும் இருந்தது: ஐதீகக் காப்பாளர். ஆட்டத்துக்குள் ஒரு நீண்ட பழங்கதை உண்டு. எல்லாரும் 'தவிர்' பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்கள். தவிர்க்காமல் படித்தவர் கரடி ஒருவர்தான். தூமர் குலம் எந்த வால்மீனில் பிறந்தது, கந்தகர் குலம் ஏன் இடது கையால் சுடுகிறது, 7714ஆம் ஆண்டில் அரசி வெள்ளிமுடி ஏன் தன் கப்பலை மூன்றாம் சூரியனுக்குள்ளேயே செலுத்தினாள், எல்லாம் மனப்பாடம். வெள்ளிமுடி கட்டம் வரும்போது அவருக்குக் குரல் கம்மும்.

போருக்கு முன் அவர் வாய்ஸ் சாட்டில் முக்கால் மணி நேரம் ஐதீகம் சொல்வது கூட்டணி வழக்கம். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். அவர் என்ன சொன்னாலும் தலைவி முள்ளம்பன்றி அதைக் கூட்டணி விதியில் ஏற்றிவிடும். கேட்டுப் புரிந்துகொள்வதைவிட எழுதி வைத்துவிடுவது சுலபம் என்பது அதன் கொள்கை.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரிசையில் நிற்கிறது. யானைக்குப் பின்னால்.

நாவல் மரத்தின் மேல்கிளையில் ஒரு துடுப்புவால் கரிச்சான் குருவி இருந்தது. கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பும். புலி உறுமும், மான்கள் ஓடும்; பார்த்தால் கரிச்சான். சார்ஜ் தீரும் ஒலி கேட்கும், எல்லாரும் தங்கள் ஃபோனைத் தடவுவார்கள். கரிச்சான் அதற்குள் தொட்டிக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நிற்கும். கூட்டணியில் அதன் சொத்து ஒரே ஒரு உளவு ஓடம். பெயர் சும்மா-2. சும்மா-1 என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கரிச்சான் வாய் தவறிக் கருந்தேனை 'ராக்கெட்' என்று சொல்லிவிட்டது. கரடி அதை உட்காரவைத்து, ராக்கெட்டுக்கும் தாய்க்கப்பலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூமர் குலத்தின் தோற்றத்திலிருந்து விளக்கத் தொடங்கினார். விளக்கி முடித்தபோது புதன்கிழமை.

வியாழக்கிழமை, மரத்தடியில் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து, கரிச்சான் இறங்கி வந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் குட்டியின் குரலை எடுத்துக்கொண்டது.

"பெரியப்பா, ஏழாம் நிலா வணக்கம்னா என்ன?"

அப்படி ஒன்று கிடையாது. அன்று காலை கிளையில் அலகைத் தேய்க்கும்போது கரிச்சானுக்குத் தோன்றிய வெறும் பெயர் அது.

கரடி தலையைத் தூக்கினார். முள்ளம்பன்றி அவரைப் பார்த்தது. கீரி பார்த்தது. தெரியாது என்பது நான்கே எழுத்து. கரடி அந்த வார்த்தையை வாழ்நாளில் சொன்னதில்லை. மூக்கைச் சொறிந்தார். தொண்டையைச் செருமினார்.

"அதுவா," என்றார். "உன் வயசுல இதைக் கேக்கணும்னு தோணியிருக்கு பாரு, அதைத்தான் மெச்சிக்கணும்."

பிறகு ஆரம்பித்தார். அதாகப்பட்டது, ஏழு நிலாக்களும் ஒரே நேர்கோட்டில் நின்ற நன்னாளில், தூமர் தாய்க்கப்பலும் கந்தகர் தாய்க்கப்பலும் நேருக்கு நேர் சந்தித்தனவாம். பெரிய இடத்துக் கப்பல்கள், பார்த்ததும் அடித்துக்கொள்ளுமா? கொள்ளாது. கவசத்தை இறக்கி, மூக்கை மும்முறை தாழ்த்தி, இரு பக்கமும் வணங்கி முடித்த பிறகே அடித்துக்கொள்ளும். அன்று தொட்டு இது மரபு. இதை மீறிய தளபதி ஒருவன் இருந்தான். அவன் பெயர் வரலாற்றில் எங்குமே இல்லை. இல்லாததே அதற்குச் சான்று.

முள்ளம்பன்றி எழுதிக்கொண்டது. விதி நாற்பத்தொன்று.

கரிச்சான் மேல்கிளைக்குப் பறந்து போய் அலகை மரப்பட்டையில் குத்திவைத்துச் சிரிப்பை அடக்கியது. தான் கொடுத்தது ஒரு காலிப் பெட்டி. உள்ளே நிலா, மூக்கு, மரபு எல்லாவற்றையும் போட்டு நிரப்பியவர் கரடியே. நீங்களும் அடக்கிக்கொள்ளுங்கள். இதுவும் அந்த இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போர். எதிரி, மலைக்கு அந்தப் பக்கம், மேற்குச் சரிவில் வேறு டவர் எடுக்கும் மூங்கில்தோப்புக் கூட்டணி. அவர்கள் தாய்க்கப்பலின் பெயர் சேற்றரசி. தளபதி ஒரு காட்டெருமை. அந்தப் பக்கத்து ஐதீகக் காப்பாளரும் அவரேதான்.

ஒரு பக்கம் மட்டும் ஏமாந்தது கரிச்சானுக்குப் போதவில்லை. வெள்ளிக்கிழமை வாய்ஸ் சாட்டில் காட்டெருமையைப் பிடித்தது. கரடியின் குரலில், ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நிலா வணக்கம் உண்டு அல்லவா, தங்கள் பக்கத்தில் அதெல்லாம் தெரியுமோ என்னவோ என்று ஒரு சின்னச் சந்தேகம் என்று இழுத்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, எங்ககிட்டயே கேக்கறீங்களா," என்றார் காட்டெருமை. "எங்க அப்பாரு காலத்துலருந்து பண்ணீட்டு இருக்கறமுங்க. உங்க பக்கம் எத்தன தடவ குனிவீங்க?"

மூன்று என்றது கரிச்சான்.

"மூணா," என்று அவர் வருத்தப்பட்டார். "பாவம், உங்க ஏட்டுல பாதிய கறையான் அரிச்சுப்போட்டுதாட்ட இருக்குது. ஒம்பதுங்க."

சனிக்கிழமை காலை அவரிடமிருந்து கரடிக்கு நீண்ட செய்தி வந்தது. மும்முறை வணக்கம் என்பது பிற்காலத்தில் சோம்பேறிகள் நுழைத்தது என்றும், மூலம் ஒன்பதே என்றும், பதினோரு சான்றுகளோடு எழுதியிருந்தார்.

கரடி இரண்டு முறை படித்தார். வியாழக்கிழமை தன் மூக்கைச் சொறிந்தபோது பிறந்த மரபு, மலைக்கு அந்தப் பக்கம் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறதாம். அப்படியானால் அது நிஜம். தான் எங்கேயோ படித்திருக்கவேண்டும். யோசிக்க யோசிக்க, எந்தப் பக்கத்தில் என்பதுகூட ஞாபகம் வந்தது. இடது பக்கம், கீழே, படத்துக்கு ஒட்டினாற்போல.

உடனே, மூன்றே மூலம் என்று மறுப்பு எழுத உட்கார்ந்தார். அவர் மறுத்தார், இவர் மறுத்தார். பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு செய்திகள். கரிச்சான் அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவேண்டியிருக்கவில்லை. அத்திப்பழம் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போர் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. அதற்குள் ஒரு குண்டும் வெடிக்காவிட்டால் சமன். அவரவர் கப்பலோடு அவரவர் திரும்பலாம். ஒரு குண்டு வெடித்தால் முடிந்தது, இரண்டு பக்கமும் முப்பது முப்பது நாசகாரிகள். இறக்கிய கவசம் மறுபடி ஏற இருபது நிமிடம் ஆகும். கவசம் இல்லாத தாய்க்கப்பல் உரித்துவைத்த பலாச்சுளை. எட்டு மாத வேலை அரை நிமிடத்தில் போய்விடும்.

முள்ளம்பன்றி இதைக் கரடியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. கவசம் போட்டபடியே ஒரு கும்பிடு போட்டால் ஆகாதா என்று கெஞ்சியது. ஆகாதா என்று வெள்ளிமுடி சூரியனைப் பார்த்துக் கேட்டாளா என்றார் கரடி. அதோடு, விதி நாற்பத்தொன்றை எழுதிய கை யாருடையது என்றும் கேட்டார். முள்ளம்பன்றி தன் முள்ளில் ஒன்றைத் தானே பிடுங்கிக் கடித்துக்கொண்டது.

கருந்தேன் கவசத்தை இறக்கியது. எதிரே சேற்றரசியும் இறக்கியது. மற்ற கப்பல்களெல்லாம் வெட்டவெளியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆமை மட்டும் பதற்றப்படவில்லை. அதற்கு நெட் மெதுவென்பதால் அதன் ஃபோனில் இன்னும் சனிக்கிழமை நடந்துகொண்டிருந்தது.

தாய்க்கப்பலின் மூக்கு நாற்பது மைல் நீளம். ஒருமுறை குனிந்து நிமிரப் பத்து நிமிடம் பிடிக்கும். கருந்தேன் மூன்று முறை குனிந்து பத்தரைக்கு நிமிர்ந்துவிட்டது. சேற்றரசி நான்காவதற்குப் போனது. அப்புறம் ஐந்தாவதற்கு. இரு பக்கமும் முடிக்கும்வரை கவசம் ஏற்றக்கூடாது, சுடக்கூடாது. சொன்னவர் கரடி, ஆகவே கரடி காத்திருந்தார்.

"அண்ணே, அவங்க குனிஞ்சு கெடக்கறாங்க," என்றது முள்ளம்பன்றி. "துணியில்லாம நிக்கற மாதிரி நிக்கறாங்க. ஒரே ஒரு உத்தரவு போடுங்கண்ணே."

கும்பிடுகிறவரை அடிப்பது தூமர் குலத்துக்கு அழகில்லை என்று கரடி சொல்லிவிட்டார். அந்தப் பக்கமும் முப்பது பேர் காட்டெருமையிடம் இதையே கேட்டு இதே பதிலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு. ஏழு. எட்டு.

பதினொன்று இருபத்தைந்துக்குச் சேற்றரசி ஒன்பதாவது முறையாகக் குனிந்திருந்தது. கரிச்சானால் அதற்குமேல் முடியவில்லை. நான்கு நாள் சிரிப்பு தொண்டையில் முட்டியது. தனி லைனில் கரடியைக் கூப்பிட்டது. புலிக்குரல் இல்லை, குட்டிக்குரல் இல்லை, சொந்தக் குரலிலேயே பேசியது.

"பெரியப்பா, ஏழாம் நிலா, ஏழாம் நிலாங்கறீங்களே. இந்த ஆட்டத்துல நிலாவே அஞ்சுதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தது. கிளையிலிருந்து விழுந்தது, விழும்போதும் சிரித்தது, கீரியின் முதுகில் மோதி எழுந்து மறுபடி சிரித்தது. இந்த இடம்தான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்திருக்கிறேன்.

ஆயிற்றா? கரடி சிரிக்கவில்லை.

மணிக்கல் நிலா, சாம்பல் நிலா, குறுநிலா, ஈரட்டை, ஊமை நிலா. ஐந்து. விரல் விட்டு இன்னொரு முறை எண்ணினார். உலகத்திலேயே இந்த ஐந்து பெயரும் தெரிந்த ஒரே மிருகம் அவர்தான். ஆறாவதைத் தேடினார். இடது பக்கம், கீழே, படத்துக்கு ஒட்டினாற்போலத் தேடினார். அங்கே படமே இல்லை. ஒரு மூக்கு இருந்தது, அவருடையது. அதை அவர் வியாழக்கிழமை சொறிந்துகொண்டிருந்தார்.

அப்படியானால் அந்த ஒன்பது? அந்தப் பதினோரு சான்று? காட்டெருமையின் அப்பாரு?

கரடி மெல்ல நிமிர்ந்து எதிரே பார்த்தார். சேற்றரசி குனிந்திருந்த மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. மிக மெதுவாகத் தூக்கியது. தேவைக்கு மேலேயே மெதுவாக. அடுத்து என்ன செய்வதென்று தெரியாத ஒருவர் தூக்குகிற மாதிரி.

மணி பதினொன்று இருபத்தொன்பது. இன்னும் ஒரு நிமிடத்தில் வணக்கம் முடிந்துவிடும். கவசம் ஏற இருபது நிமிடம் வேண்டும். காதில் முள்ளம்பன்றி, முடிந்ததும் சுட்டுவிடலாம் இல்லையா, முடிந்ததும் சுட்டுவிடலாம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இது எல்லாம் நான் கட்டிவிட்டது என்று கரடி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கணமே இரு தளபதிகளும் உத்தரவு போட்டே ஆகவேண்டும், அறுபது நாசகாரிகளும் சுடத் தொடங்கும். கருந்தேனின் பின்பக்க இயந்திரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு இரு பக்கமும் கேட்கும் பொது லைனைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"காட்டெருமையாரே, என்ன ஒன்பதோட நிமிர்ந்துட்டீங்க? மூல ஏட்டுல பன்னிரண்டு இல்லையா இருக்கு?"

பத்துப் பத்து நிமிடமாக இன்னும் மூன்று முறை குனிந்தால் பன்னிரண்டு மணி, போர் நேரம் முடிந்துவிடும். மணி பதினொன்றரை ஆனது.

"பன்னெண்டேதானுங்க," என்றார் காட்டெருமை. அவர் குரலிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. "உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தனுங்க."

இரண்டு கப்பல்களும் ஒன்றாகக் குனிந்தன.

நீதி: தெரியாது என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் இரண்டு கப்பலும் போய்விடும். ஆகவே, குழந்தைகளே, தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழகுங்கள். எதிரியும் அதையேதான் பழகிக்கொண்டிருக்கிறான்.