கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீல வரி

ஏற்காட்டில், ஏன், சேர்வராயன் மலை முழுவதிலுமே, ஒரு வார்த்தையை இரண்டாம் முறை சொல்லாத ஒரே பிறவி எங்கள் ஜெராக்ஸக்காதான். ஒன்றைப் பத்தாக்குவதைப் பிழைப்பாகக் கொண்டவர் இப்படி இருந்தது விந்தைதான். எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன நகல் வேண்டும் என்று கடையில் ஒரே ஒரு முறை சொல்வார். காதில் வாங்காதவர்கள் பக்கத்து டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வர வேண்டும். டீக்கடைக்காரர் அதற்காகவே கவனமாகக் கேட்டு வைத்திருப்பார். அவருக்கு வடை விற்பனை கூடியது.

சான்றிதழுக்காக மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களோ ஒன்றையே ஏழு முறை கேட்பவர்கள். இரு தரப்புக்கும் சமாதானம் உண்டாக வழியே தெரியாதபோது, அக்கா வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே செல்போனுக்கு ஓர் ஆப் செய்யக் கற்றுக்கொண்டார். எந்தச் சான்றுக்கு என்ன வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதித் தர ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்தார். நான் வருவாய்த் துறையில் முப்பது வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். யாராவது விதி கேட்க மாட்டார்களா என்று ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவன்.

எழுதித் தந்தேன். விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு, எதையும் விடவில்லை. அக்கா முழுவதும் படித்தார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க சார். ஆனா இதப் படிச்சவன் மலைய உட்டே எறங்கிப் போயிருவானுங்க."

பிறகு நீலம் போட ஆரம்பித்தார். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய பக்கத்தின் முகவரியை அதன் அடியில் கோத்துவிடுவார். உடனே அந்தச் சொல் நீலமாகி, கீழே ஒரு கோடும் போட்டுக்கொள்ளும். தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. 'விண்ணப்பதாரர்' நீலம், 'முகவரி' நீலம், 'மற்றும்' மட்டும் எப்படியோ தப்பியது. என் பக்கங்கள் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி ஆயின.

முதலில் சோதித்துப் பார்த்தவர் வருமானச் சான்றுக்கு வந்த காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுத்தினார். பிறகு எழுந்து வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்கக்கா, நான் செத்த தேதி என்னன்னு கேக்குதுங்க. என்ன போடட்டுங்க?"

வருமானச் சான்றும் இறப்புச் சான்றும் அடுத்தடுத்த வரிகளில் நீலமாக இருந்தன. பழம் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரல் ஒரே தொடுதலில் மூன்று வரிகளை மூடியது.

வேறு யாராக இருந்தாலும் விரலைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அக்கா ஸ்டாம்ப் பேடை எடுத்து வைத்து, அன்று கடைக்கு வந்த தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரிடமும் வெள்ளைத்தாளில் ரேகை வாங்கினார். வெற்றுத்தாளில் கைரேகை வாங்கக் கூடாது என்பது பணியில் சேர்ந்த அன்றே நான் கற்ற பாடம். வழக்காகிவிடும் என்று எச்சரித்தேன்.

"சொத்தையா எழுதி வாங்கறனுங்க? அகலந்தானுங்க பாக்கறன்" என்று ஸ்கேலை வைத்து அளந்தார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். இருப்பதிலேயே பெரிய கட்டைவிரலின் அகலம், இரண்டு நீலங்களுக்கு நடுவே இடைவெளி. ஒற்றைச் சொல்லுக்கு லிங்க் கிடையாது, முழு வரிக்குத்தான். தொட்டால் எங்கே போவோம் என்பதை அந்த வரியே சொல்ல வேண்டும். 'இங்கே சொடுக்கவும்' என்ற என் சொற்றொடரை அடித்துவிட்டு, "இங்கேன்னா எங்கீங்க சார்?" என்று கேட்டார். எந்த அரசாணையிலும் அதற்குப் பதில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் செம்மநத்தத்திலிருந்து பொன்னி வந்தார். தோட்டத்தில் காப்பி பறிப்பவர். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் சாதிச் சான்றைக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தகப்பனின் சான்றை இணைக்கவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. தகப்பனோ, பெண் பிறந்த வருடமே சொல்லிக்கொள்ளாமல் போனவர்.

"நாலு நாளா இந்த ஆப்பையேதானுங்க பாக்கறன். அப்பன் உட்டுட்டுப் போன புள்ளைக்கு இதுல வழியே இல்லீங்க" என்றார் பொன்னி.

"இருக்குதேம்மா" என்றேன் நான், பெருமையாக. "ஒன்பதாவது பத்தி, மூணாவது உட்பிரிவு. தந்தைவழி ரத்த உறவினர் சான்றும் ஏத்துக்குவாங்க."

"அப்படின்னா யாருங்க?"

அக்கா குறுக்கே வந்தார். "உங்க ஊட்டுக்காரரு கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"நாத்தனா குப்பனூர்ல இருக்குதுங்க. பேசிப் பல வருசம் ஆச்சு."

"இப்பப் பேசு" என்றார் அக்கா.

பொன்னி பஸ் பிடிக்க ஓடிய பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், அது ஒம்பதாவது பத்தியில உக்காந்துட்டு என்னங்க பண்ணுது?"

பணியில் எத்தனையோ முறை என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு நான் எழுதியது ஒரே ஒரு வரிதான். விதியை நான் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் நான்கு நாள் தேடியும் பொன்னிக்கு அது கிடைக்கவில்லை. அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு நகல் எடுக்கப் போய்விட்டார். நான் முதல் பக்கத்தின் உச்சியிலேயே எழுதினேன்: 'அப்பாவின் சான்று இல்லையா? அத்தை, சித்தப்பா, பெரியப்பா சான்றை வைத்து விண்ணப்பிப்பது எப்படி?' எந்தப் படிவமும் மக்களிடம் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. வரி முழுவதையும் தேர்ந்தெடுத்து, முகவரியைக் கோத்தேன். நீலமாயிற்று. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் லிங்க்.

குப்பனூர் நாத்தனார் தன் சான்றைக் கொடுத்து அனுப்பியதோடு நிற்கவில்லை. விசாரணைக்கும் தானே மலையேறி வந்தார். மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்னால் சாதிச் சான்று கிடைத்தது. நன்றி சொல்ல வந்த பொன்னியைப் பேசவிடாமல், போனைக் கையில் கொடுத்து, புது வரியைக் கண்டுபிடிக்கச் சொன்னார் அக்கா. பொன்னி பார்த்த மாத்திரத்தில் தொட்டார். சரியான பக்கம் திறந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர், அத்தையின் சான்றோடு நேராக நகல் எடுக்கவே வந்தார். எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கு நான் கடையில் இருக்கிறேன். எழுதுவதில் பாதியை அக்கா அடித்துவிடுகிறார். நியமன ஆணை கையில் வராமல் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்தவனல்ல நான். ஆனால் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் எனக்கென்று போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில், ஆணை எதுவும் கேட்காமல் தினமும் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.