விசாரிக்காமல் ஒரு கிட்னியா?

மேற்குத் தாம்பரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் பிரியமான எட்மண்ட் மச்சானுக்கு,

இங்கு தபீதாள் சுகம். நான் வாரம் மூன்று டயாலிசிஸ் தயவில் இருக்கிறேன். படப்பையில் இருக்கும் உங்கள் அனைவருக்காகவும் ஜெபிக்கிறோம்.

உங்கள் தங்கை தபீதாளுக்கு என் மேல் கோபம். இரண்டு வருஷமாகக் கிட்னிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன் அல்லவா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் தீபலட்சுமி என்கிற ஒருங்கிணைப்பாளர் பொண்ணு எங்களை உட்காரவைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசியது, அப்போதே எனக்குச் சந்தேகம். மூளைச்சாவு அடைந்த சிலர் ரத்தத்தில் ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருக்குமாம், அந்தக் கிட்னியையும் வைக்கலாமாம், அப்புறம் மூணு மாசம் மாத்திரை போட்டால் பெரும்பாலும் கிருமி போயிடுமாம், முன்கூட்டியே சம்மதம் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கலாமாம். நல்ல சரக்குக்கு எதுக்கு மச்சான் இத்தனை விளக்கம்? பீர்க்கன்கரணையில் நான் மனை வாங்கினபோதும் புரோக்கர் இப்படித்தான் பேசினான், மழை வந்ததும்தான் அது ஏரி என்று தெரிந்தது.

நான் விடுவேனா? நம்ம ஜெரூஷாவுக்கு வரன் பார்த்தபோது எதிர்வீடு வரைக்கும் விசாரித்தோமே, அதே மாதிரி கேட்டேன்: கொடுக்கிறவர் எந்த ஊர், எந்தச் சபை, குடி உண்டா, யாரிடம் விசாரிக்கலாம்? இன்னும் இறக்காதவரைப் பற்றி எப்படி சார் சொல்வது என்கிறது அந்தப் பொண்ணு. இறந்த பிறகும் பெயர் சொல்ல மாட்டார்களாம். பெயரே சொல்லாத வரனை யாராவது முடிப்பார்களா? டாக்டர் வந்து, இதில் ரிஸ்க் உண்டு, சும்மா காத்திருப்பது அதைவிட ரிஸ்க் என்றார். பார்த்தீர்களா, அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார்! சம்மதப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் தபீதாள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். போன மாதம் என் பக்கத்துப் படுக்கை கதிரேசன் சார் காத்திருந்தே போய்ச் சேர்ந்தார், அதை நினைத்திருப்பாள். எனக்கும் பயம்தான். அதற்காக ஏமாற முடியுமா? சனிக்கிழமை வந்து அவளுக்குப் புத்தி சொல்லவும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். தேவ கிருபை உங்கள் வீட்டில் தங்கட்டும்.

அன்புள்ள,
காலேப்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது தபீதாள் இதை வாங்கிப் படித்தாள். மச்சான், ஒரு உண்மை. எனக்குச் சர்க்கரை கல்யாணத்துக்குப் பிறகு வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முன்னாலேயே இருந்தது. விசாரிக்க வந்த உங்களிடம் மறைத்துவிட்டோம்.

"உங்களுக்குச் சர்க்கரைன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் தபீதாள், கடிதத்தை மடித்துக்கொண்டே. "உங்க அக்கா சொல்லிட்டாங்க. மாத்திரை போட்டா சமாளிக்கலாம்னு தெரிஞ்சுதான் கழுத்தை நீட்டினேன். உங்களை வேணாம்னு சொன்னேனா?"

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு நீங்கள் சனிக்கிழமை அவசியம் வரவும். வந்து என்னை ஒன்றும் விசாரிக்க வேண்டாம்.