அத்தை அனுப்பிய ஆப்பிள் வினிகர்

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதத்தில் முதலில் 'இங்கு எல்லோரும் நலம்' என்று எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை எழுதலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். இன்று இரவு பதினொரு மணி வரைக்கும் எல்லோரும் நலம். நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

இதை அப்பாவின் பட்டறையில், பெரிய தராசுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் டார்ச்சை வாயில் கவ்வியிருப்பது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. மேலும் நீங்கள் பேசினால் ஸ்பீக்கரில் போடாமலேயே தெருமுனை வரைக்கும் கேட்கும். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அப்பா சொன்னது.

நீங்கள் அனுப்பிய ஆப்பிள் வினிகர் புட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. உடைந்தே வந்திருக்கலாம். அதோடு ஒரு சீட்டில் 'தினமும் ரெண்டு ஸ்பூன் சேத்துக்கோ, உடம்புக்கு நல்லது' என்று எழுதியிருந்தீர்கள். காய்கறியில் தெளித்துச் சாப்பிடத்தானே சொன்னீர்கள்? புட்டியின் மேலேயே வெட்டின வெள்ளரிக்காய்ப் படம் இருக்கிறது. நான் அதைக் காட்டினேன். அப்பா படத்தைப் பார்க்கவில்லை. சீட்டை மட்டும் மூன்று தடவை படித்துவிட்டு, "இனிமே பிரஷர் மாத்திரை வேணாம்" என்றார். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்கா அப்படியா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். "எழுதணுமா? இருபது வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கா, அவளுக்குத் தெரியாததா?" என்றார் அப்பா. "உங்க அக்கா அங்க வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்கறாங்க." "டோக்கன் குடுக்கறவளுக்குத்தான்டி தெரியும், எந்த வியாதிக்கு எவ்வளவு கூட்டம்னு." உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வீட்டில் கடைசி வார்த்தை அப்பாவுடையது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பாவின் தொழிலில் ஒரு விதி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தராசைச் சரிபண்ணும்போது ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் திருப்பக் கூடாது, திருப்பினால் எது சரிபண்ணியது என்று தெரியாமல் போய்விடும். அந்த விதிப்படி மாத்திரை அட்டைகளைத் துருப்பிடித்த திருகுகள் போடும் டப்பாவில் தூக்கிப்போட்டார். காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர், அது மட்டும்தான். கலக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. அவரே பிரஷர் பார்த்து ஓர் அட்டையில் எழுதிப் பட்டறைக் கதவில் தொங்கவிட்டார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். இது எப்படி வேலை செய்யும் என்று நான் கேட்டதற்கு, கெட்டிலில் வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்து அடியைக் காட்டினார். சுண்ணாம்புப் படலமெல்லாம் போய்ப் புதுசுபோல் மின்னியது. "பாத்தியா? என் ரத்தக்குழாயும் இப்ப இப்படித்தான் இருக்கு" என்றார். புட்டியின் அடியில் நூல் நூலாக மிதப்பதற்குத் தாய் என்று பெயராம், சத்தெல்லாம் அதில்தானாம். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வீட்டுக்கு ஒரு தாய் போதும், அதுக்கே இங்க மரியாதை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வினிகர் என் தலைமுடிக்கும் வந்தது, அம்மாவின் முழங்காலுக்கும் வந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் உங்க வீட்ல ஊறுகாய் போடறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குப் பல் கூச ஆரம்பித்தது, ஸ்ட்ரா வைத்துக் குடித்தார். சாப்பாட்டில் ருசியே இல்லை, வினிகர் நாக்கைச் சுத்தம் பண்ணுது, அதான் என்றார். எனக்கும்தான் ருசியாக இல்லை, நான் வினிகர் குடிப்பதில்லை. அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் அப்பா இதே பட்டறையில் விழுந்தபோது நீங்கள் வந்திருந்தீர்கள். ஆனால் அவர் விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். பெரிய தராசின் தட்டு மேலேயே விழுந்தார். முள் ஆடி ஆடி எழுபத்திரண்டு கிலோவில் நின்றது. நான் கத்தாமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு டாக்டர் அம்மாவிடம், "இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் மேல் எண் நூற்று அறுபத்தெட்டு வந்தது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் நூற்று முப்பத்தைந்துக்கு மேல் போனதில்லை. மூன்று பேரும் மெஷினைச் சுற்றி நின்றோம். "மெஷின் சூடா இருக்கு" என்றார் அப்பா. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பள்ளிக்குப் போனேன், அன்று என்ன பாடம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தை, இப்போது எழுதப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மறுநாள் காலையில் திருகு டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, காகிதத்தில் மடித்து, ஸ்பூனின் பின்புறத்தால் நசுக்கி, வினிகர் டம்ளரில் கலந்துவிட்டேன். மாத்திரை கசக்குமே என்று பயந்தேன். வினிகரில் எது போட்டாலும் தெரியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அப்பா ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, "இன்னிக்கு நல்லா இறங்குது" என்றார்.

இறங்கியது. நூற்று ஐம்பது, நூற்று முப்பது, நூற்றுப் பதினைந்து. நேற்றும் இன்றும் நூற்று நாலு. அப்பா ஒவ்வொரு எண்ணையும் சிவப்பு மையில் எழுதுகிறார். ஆனால் இப்போது உட்கார்ந்து எழுந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணை இருட்டுதா என்று அம்மா கேட்டால், "உடம்பு லேசாகுது, அதான்" என்கிறார். எனக்குப் புரியாதது இதுதான். அதே மாத்திரைதான், அதே ஒன்றுதான். முன்னால் அதைச் சாப்பிட்டபோது இப்படிக் கதவைப் பிடித்ததில்லை. வினிகரும் மாத்திரையும் சேர்ந்து ஏதாவது ஆகிவிட்டதா, நசுக்கிப்போட்டது தப்பா, நான் அப்பாவை என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன்? கலக்காமல் விடவும் பயம், கலக்கவும் பயம். டப்பாவில் இருந்தது இருபத்துநாலு. இன்றோடு இருபத்தொன்று போய்விட்டது. மூன்றுதான் மிச்சம்.

இது மட்டும் என்றால்கூட எழுதாமல் அழுதுகொண்டிருந்திருப்பேன். இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா வந்தார். அவர் ஓட்டுவது எங்கள் பள்ளி பஸ். அதில் நாற்பது பேர் போகிறோம், நான் மூன்றாவது வரிசை. அவருக்கும் பிரஷர். கதவில் இருந்த அட்டையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார்.

"என்ன தராசுக்காரரே, நூத்தி நாலா? எனக்கு வீட்டுக்காரி நல்ல மூடுல இருக்கும்போதே நூத்தி அம்பதுக்குக் கீழ இறங்காது."

"எல்லாம் வினிகர்தான். மாத்திரையெல்லாம் திருகு டப்பாவுல கெடக்கு."

"நெசமாவா?"

"முள்ளு பொய் சொன்னா நான் கடையை மூடிட்டுப் போகணும்யா."

"அப்ப சரி. கையில பத்து மாத்திரை இருக்கு. காசு குடுத்து வாங்கினது, அதை முடிச்சிட்டு நானும் நிறுத்திடறேன்."

நான் நடுவில், "மாமா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்று ஆரம்பித்தேன். "பாருங்க, என் பிரஷரை இவ ஏத்தறா" என்று அப்பா சிரித்தார். டிரைவர் மாமாவும் சிரித்தார். போகும்போது புட்டியின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே அத்தை, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. நீங்கள் அப்பாவுக்குப் போன் செய்து, வினிகரை வெள்ளரிக்காயில் ஊற்றத்தான் சொன்னேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, உடனே டாக்டரைப் போய்ப் பார் என்று சொல்ல வேண்டும். டிரைவர் மாமாவிடமும் சொல்லச் சொல்ல வேண்டும். தானாகத் தோன்றியதுபோல் சொல்ல வேண்டும். நான் எழுதியதாகவோ மாத்திரை கலந்ததாகவோ மூச்சுவிடக் கூடாது. அப்பா என்னை அடிக்க மாட்டார். ஆனால் அட்டையில் சிவப்பு மையில் எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க என்னால் முடியாது. கொஞ்சம் மெதுவாகவும் பேச வேண்டும்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாமாவுக்கு என் வணக்கம். வீட்டில் உள்ள எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக வினிகர் இல்லாமல், நீண்டநாள் வாழ வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள (இருபத்தொரு நாள் தவிர)
உங்கள் தம்பி மகள்

பி.கு.: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டபோது காலடிச் சத்தம் கேட்டது. டார்ச்சை அணைத்துவிட்டுத் தராசுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். அப்பா வந்தார். விளக்கைப் போட்டு, எடைக்கற்கள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்து, ஐம்பது கிராம் கல்லை எடுத்தார். அந்தக் குழிக்குள் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்தார். புது அட்டை. அதே மாத்திரை.

நான் எழுந்துவிட்டேன்.

"பாப்பா! நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க என்ன பண்றீங்க?"

அவர் கல்லைக் குழியில் திரும்ப வைத்தார். சரியாக உட்காரவில்லை. "அன்னிக்கு நூத்தி அறுபத்தெட்டைப் பாத்ததும் எனக்கு உதறிடுச்சு. அன்னிக்கே புதுசா வாங்கிட்டேன். பழசை எடுத்தா உங்கம்மா கண்டுபிடிச்சிடுவா. அதுக்குள்ள தெரு முழுக்கச் சொல்லியாச்சு, எப்படி இறங்கி வர்றது?"

"அப்ப டிரைவர் மாமாகிட்ட பொய்தானே சொன்னீங்க?"

"மாத்திரை போடலைன்னு சொன்னது பொய். வினிகர் பொய் இல்ல. மாத்திரை மட்டும் போட்டப்ப நூத்தி முப்பத்தஞ்சு. இப்ப நூத்தி நாலு. நடுவுல முப்பத்தொண்ணு இருக்கில்ல? அது வினிகர் இல்லாம வேற யாரு?"

"அப்பா, அந்த முப்பத்தொண்ணு நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் இரண்டு மாத்திரை போயிருக்கிறது என்று அவருக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. பிறகு பெரிய தராசின் தட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முள் அறுபத்தெட்டில் நின்றது. இந்தத் தடவை நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, அம்மா என்று கத்தினேன். அம்மா கதவுக்கு வெளியிலேயேதான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஒண்ணும் இல்லம்மா, காலு வரல, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

அம்மா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "அந்த முப்பத்தொண்ணுல எனக்கும் பங்கு வேணும். அதே ஒன்பதாம் நாள்லேருந்து சாப்பாட்டுல உப்பைக் கால்வாசியாக் கொறைச்சிட்டேன்."

"நாக்கு சுத்தமாச்சுன்னு நெனச்சேனே."

"நெனப்பீங்க."

அப்பா கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினார். ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று திருகைத் திருப்பியிருக்கிறோம். "அப்ப வினிகருக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அம்மா, "கெட்டில் நல்லா இருக்கு" என்றாள்.

அம்மா பிரஷர் மெஷினை எடுத்துவந்து பார்த்துவிட்டு, டாக்டர் வீட்டுக்கே போன் செய்தாள். டாக்டர் திட்டியதை நான் இங்கு எழுதவில்லை. இனி யாரும் எதையும் தாமாகக் கலக்கவோ விழுங்கவோ கூடாது, விடிந்ததும் அப்பாவோடு புட்டியும் இரண்டு மாத்திரை அட்டையும் அவர் முன்னால் இருக்க வேண்டும் என்றாராம். அதற்கு முன்னால் அப்பா டிரைவர் மாமா வீட்டுக் கதவைத் தட்டி அவரே சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. "அசிங்கமா இருக்குமே" என்றார் அப்பா. "விழறதைவிட அசிங்கம் பரவாயில்ல" என்றாள் அம்மா. கதவில் தொங்கிய அட்டையை அப்பாவே கழற்றினார். முகம் நான் பயந்த மாதிரிதான் போனது. ஆனால் அதைப் பார்க்க முடிந்தது.

ஆகவே அத்தை, மேலே நான் கெஞ்சிக் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, "எழுபத்திரண்டு இல்ல, எழுபத்திரண்டரை. அன்னிக்கு அந்தத் தராசு அரை கிலோ கொறச்சுக் காட்டிச்சு" என்றார். பிறகு உறையில் உங்கள் முகவரியை அவரே எழுதினார்.

"அனுப்பு. அக்கா போன் பண்ணி நல்லாத் திட்டட்டும். டிரைவரையும் பக்கத்துல உக்கார வச்சிக்கறேன்."

ஸ்பீக்கர் தேவைப்படாது என்றும் சொன்னார்.