எங்கள் சந்தின் ரிசர்வ் வங்கி

அன்புள்ள ஸ்டெர்லின் மாமாவுக்கு, தாராவியிலிருந்து ஜெஸி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நலம். உல்லாஸ்நகரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இதை அத்தைக்குக்கூடக் காட்டாதீர்கள், படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா தூங்கிய பிறகு எங்கள் இட்லிக் கடை ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு எழுதுகிறேன்.

சில்லறை கிடைக்காததால், மீதி ஐந்து ரூபாய்க்குப் பதில் கொடுக்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, "ஐந்து ரூபாய்" என்று எழுதி, பச்சைப் பேனாவால் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் அம்மா. மறுநாள் அட்டையைக் கொடுத்தால் ஒரு இட்லி. ஒரே மாதத்தில் ஹனீப் மாமாவின் மளிகைக் கடையிலும் அது செல்ல ஆரம்பித்துவிட்டது. ரிசர்வ் வங்கி நோட்டு நம்பிக்கையால்தான் செல்கிறது, அளவுக்கு மேல் அச்சடித்தால் மதிப்பு இறங்கிவிடும் என்று வந்தனா டீச்சர் நடத்தியபோது, வகுப்பிலேயே நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் முதல் பாதியைத்தான் கவனித்திருக்கிறேன். ஆண்டு விழா நடனத்துக்கு வளையலும் ரிப்பனும் வேண்டுமென்று, கூடுதலாக அட்டைகள் எழுதி சாயிரா அக்கா கடையில் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் காலை ஏழு மணிக்கே இட்லி காலி. "ஏட்டி, எல்லாம் வித்துட்டு, டப்பால துட்டையே காணும்?" என்றார்கள் அம்மா. டப்பா நிறைய என் அட்டைகள். அதற்குள் ஹனீப் மாமா வந்து, "ஏஞ்சலம்மா, ஒம் மவ அட்டைக்கு இனிமே நாலு ரூவா சாமான்தான்" என்றார். அம்மா சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என் கையெழுத்துக்கு ஒரு ரூபாய் குறைவா? பிக்னிக்குக்கு நீங்கள் தந்த இருநூறு ரூபாயைக் கொண்டுபோய், அவரிடமிருந்து நாற்பது அட்டைகளை முழு விலைக்கு வாங்கினேன்.

"என்ன தாயி, கூறு கெட்டுப்போச்சா?"

"ரிசர்வ் வங்கி திரும்ப வாங்குது, மாமா."

மறுநாளே அவர் கடையில் அட்டை மறுபடி ஐந்துக்கு ஐந்து. பிக்னிக் போகவில்லை. ஆனால் இந்தச் சந்தில் நடக்கும்போது, யாருக்கும் தெரியாமல் நான் ரிசர்வ் வங்கி கவர்னர்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு, ஜெஸி

பின்குறிப்பு: அந்த நாற்பதையும் இப்போது கிழிக்கப் பார்த்தால், பன்னிரண்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை. யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள். அம்மா.

"ஏட்டி ஜெஸி, முழிச்சிருக்கியா? அந்தப் பச்சப் பேனாவ எடு. ஒன் கையெழுத்து எனக்குச் சரியா வரமாட்டேங்கு. அரிசிக்காரருக்கு இருவது எழுதணும்."

அரசாங்கமே கேட்டாலும் அளவுக்கு மேல் அச்சடிக்க ரிசர்வ் வங்கி மறுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள். பேனாவை உளுந்துக்குள் புதைத்துவிட்டேன், மாமா. இது பென்சில். ஷட்டர் மேலே ஏறு…